சப்பாத்துக் கால்

காசியம்மாள் துணியில் தலை எழுதினாள், மார்பு எழுதினாள், துடுப்புப் பிடித்த இரண்டு கைகளையும் எழுதினாள். முழங்காலுக்குக் கீழே வந்ததும் மூங்கில் எழுதுகோலைக் கழுவி வைத்துவிட்டாள். அதற்குக் கீழே துணி வெறுந்துணியாகவே கிடந்தது. எழுதியது அவள் புருஷன் ஆதிநாராயணனை. காலையும் எழுதினால் அவன் செத்துப்போனவன் ஆகிவிடுவான். அவள் ஊரில் இது சின்னப் பிள்ளைக்குக்கூடத் தெரியும்.

பழவேற்காட்டுக் கோட்டையில் ஒல்லாந்தர் கொடி பறந்த காலம் அது. காசியம்மாளின் ஊர் ஏரிக்கு அக்கரையில், முகத்துவாரத்தை ஒட்டி இருந்தது. கடலுக்குப் போனவன் உடம்பு கரை ஒதுங்கினால் ஊருக்குச் சங்கடம் இல்லை. அழுது அடக்கம் செய்துவிட்டு அடுத்த வேலையைப் பார்ப்பார்கள். ஒதுங்காதவனுக்குத்தான் முறை உண்டு. அவன் வீட்டு மனுஷர் கையாலேயே ஈர மணலில் சிப்பிச் சுண்ணாம்பால் அவன் உருவத்தை எழுத வேண்டும். தலையில் தொடங்கிக் கடைசியாக, கடலைப் பார்த்த மாதிரி இரண்டு பாதம். பாதம் எழுதியதும் விலகிவிட வேண்டும். ஏற்றத் தண்ணீர் வந்து உருவத்தை அழித்துக்கொண்டு போகும். கால் இருப்பதால் அவன் நடந்து போய்ச் சேர்வான் என்பது கணக்கு. அன்றைக்கே பெண்டாட்டி கழுத்துத் தாலி இறங்கும். அன்றைக்கே வீட்டுப் பாடும் போய்விடும்.

தாலி போனால் அழலாம். பாடு போனால் அழுவதற்கும் தெம்பு இருக்காது. ஏரித் தண்ணீரும் கடல் தண்ணீரும் மாறி மாறி ஓடுகிற அந்த முகத்துவாரத்தில் வலை கட்டுகிற உரிமைக்குத்தான் பாடு என்று பேர். கல்யாணமான ஆம்பிளை இருக்கிற வீட்டுக்கு ஒரு பாடு. வருஷா வருஷம் அடைமழைக்கு முன்னால் ஊர்த் தலைவரான நாட்டார் கரையில் நின்று ஒவ்வொரு பேராகக் கூப்பிடுவார். "கீறேன்", அதாவது இருக்கிறேன், என்றவன் வந்து வலை கட்டுகிற இடம் குறித்த பனையோலை நறுக்கை எடுப்பான். ஆள் காய்ச்சலிலோ கப்பல் வேலையிலோ இருந்தால் வீட்டுப் பெண்பிள்ளை "கீறாரு" என்று சொன்னால் போதும். மூன்று தரம் கூப்பிட்டும் குரல் வராவிட்டால் பாடு அடுத்தவனுக்கு.

போன வருஷம் அந்த நாளுக்குக் கொஞ்சம் முன்னால்தான், கப்பலுக்குத் தண்ணீர்ப் பீப்பாய் ஏற்றிப் போன சலங்குப் படகு சூறையில் கவிழ்ந்தது. இரண்டு பேர் பிணமாக ஒதுங்கினார்கள். அதில் துடுப்புப் போட்ட ஆதிநாராயணன் ஒதுங்கவில்லை. நாட்டார் அவன் பேரைத் தயங்கித் தயங்கித்தான் கூப்பிட்டார். கூப்பிட்டு வாய் மூடுவதற்குள் "கீறாரு!" என்று காசியம்மாள் போட்ட சத்தத்தில் கரையே திரும்பிப் பார்த்தது. நாட்டார் ஓலையைக் கொடுத்தார். அதிலிருந்து ஒன்றுவிட்ட கொழுந்தன் கிருஷ்ணன் அவள் பேரில் வலை கட்டி, விழுந்ததில் பாதியைக் கொண்டுவந்து கொடுத்தான்.

அந்தப் பாதியில்தான் நாலு வயிறு ஓடியது. அவள், மாமியார் கோவிந்தம்மா, இரண்டு பெண் குழந்தைகள். மேற்கே நாட்டுப்புறத்தில் மழை பொய்த்து, சனங்கள் கூட்டம் கூட்டமாகத் துறைமுகத்துக்கு வந்துகொண்டிருந்த வருஷம் அது. கிடங்குத் தெருவில், அடிமைக்கு ஆள் வாங்குகிற தரகர்கள் சோற்றுப் பானையை வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்கள். ஒரு நாள் காசியம்மாள் இறால் கூடையோடு போகும்போது, தன் மூத்தவள் உயரமே இருந்த ஒரு பெண் அங்கே குந்தி ஆசை ஆசையாகச் சோறு தின்பதைப் பார்த்தாள். பெற்றவள் கொஞ்சம் தள்ளி, வேறு பக்கம் பார்த்துக்கொண்டு நின்றாள். சாயங்காலம் திரும்பி வரும்போது அந்தப் பெண் இல்லை, கப்பலுக்கு ஏற்றிவிட்டார்கள். அதிலிருந்து காசியம்மாள் தன் பிள்ளைகளை அந்தத் தெருப் பக்கமே கூட்டிப் போகவில்லை.

வலை கட்டாத நாட்களில் மாமியாரும் மருமகளும் ஏரியில் கையால் இறால் பிடித்தார்கள். மார்பளவு தண்ணீரில் முட்டிபோட்டு நகர்ந்து, சேற்றைத் தடவி, கையில் அகப்பட்டதை வாயில் கவ்விய ஓலைப் பறியில் போட வேண்டும். விரல் இடுக்கெல்லாம் முள் கிழித்து உப்பில் எரியும். பறியைக் கவ்விக்கொண்டு பேச முடியாது என்பதால் அது சண்டையில்லாத வேலை. ஆனால் ஒரு நாள் கோவிந்தம்மா பறியை வாயிலிருந்து எடுத்துக் கழுத்தில் மாட்டிக்கொண்டாள்.

"மே காசி, நீ அவனை எழுதறியாமே? அந்த ரோசியம்மா வூட்ல?"

"யாரு சொன்னா அத்தே?"

"யாரு சொன்னா இன்னா? எழுதறியா இல்லியா?"

"எழுதிட்டேன். கால் எழுதல."

கோவிந்தம்மா கொஞ்ச நேரம் சேற்றைத் தடவினாள். அகப்பட்ட இறாலைப் பறியில் போட மறந்து கையிலேயே வைத்துக்கொண்டு நின்றாள்.

"மொகம் எழுதினியா?"

"எழுதினேன்."

"எப்டி வந்துகீது?"

"அவரு மாதிரியேதான்."

"காது?"

"காதும்தான். அரை காது."

சின்ன வயதில் கட்டுமரக் கயிறு சுண்டி அறுத்த இடது காது அது. அந்த ரத்தத்தை மாராப்பால் அழுத்திக்கொண்டு கரையெல்லாம் ஓடியவள் கோவிந்தம்மா. "பாவி, காதைக்கூட வுடலியா நீ" என்று சொல்லிச் சிரித்தாள். சிரிப்பு அழுகையாகிக் கொஞ்ச நேரம் போனது. அப்புறம், "நானும் வந்து பாக்கறேன்டி. தொங்கவுடற அன்னிக்கி என்னையும் இட்டுகினு போ" என்று சொல்லிப் பறியைக் கவ்விக்கொண்டாள்.

ரோசி சட்டைக்காரி, ஒல்லாந்த ரத்தம் கலந்தவள். அவள் புருஷன் கப்பல் பாய் தைத்துக்கொண்டிருந்தவன். காய்ச்சல் வந்து கல்லறைத் தோட்டத்தில் படுத்துவிட்டான். அவன் விட்டுப்போன பாய்க் கிடங்கை அவள் வாடகைக்கு விடாமல், ஊர் சிரிக்கிற ஒரு காரியத்துக்கு வைத்துக்கொண்டாள். கப்பல்கள் காற்றுக்குக் காத்துக் கிடக்கிற மாதத்தில் கிடங்குக்கு வெள்ளையடித்து, குறுக்கே கயிறு கட்டி, அக்கம்பக்கத்தில் புதிதாக எழுதப் பழகியவர்களின் படங்களைத் தொங்கவிடுவாள். கதவு யாருக்கும் திறந்திருக்கும். கப்பலை நடத்துகிற கப்பித்தானும் வருவான், கருவாட்டுக்காரியும் வருவாள். "தலைமுறை தலைமுறையா துணி எழுதறவனுக்குக் கோட்டைக் கிடங்கு இருக்குது. நேத்து எழுதக் கத்துக்கினவனுக்கு யாரு கதவு தெறக்கறது?" என்பாள் ரோசி. ஊர்க்காரர்கள் அதைப் படக்கொட்டாய் என்றார்கள்.

அவள் சமையற்கட்டுக்கு இறால் கொண்டுபோய்க் காத்திருக்கும் நேரத்தில் காசியம்மாள் அடுப்புக்கரியால் சுவரில் நண்டு எழுதுவாள். இன்னொருத்தியாக இருந்தால் விளக்குமாற்றை எடுத்திருப்பாள். ரோசி கிழிந்த பாய்த்துணி ஒன்றை எடுத்து, கடுக்காயிலும் எருமைப்பாலிலும் ஊறவைத்துக் காயப்போட்டுக் கொடுத்தாள். துருப்பிடித்த இரும்பையும் பனைவெல்லத்தையும் பானையில் புளிக்கவைத்துக் கறுப்பு மை எடுக்கவும் சொல்லிக் கொடுத்தாள். எதை எழுதுவது என்று காசியம்மாள் யோசிக்கவே இல்லை. ஒரு வருஷத்தில் அவன் முகம் கொஞ்சம் கொஞ்சமாக மங்க ஆரம்பித்திருந்தது. அந்தப் பயம் அவளுக்குப் பசியைவிடப் பெரிதாக இருந்தது.

எழுதிய துணியை எதிரே விரித்துக் காட்டிய அன்று ரோசி வாயில் கை வைத்துக்கொண்டாள்.

"காசி, இவன் இப்ப பேசுவான் போல கீறானே! கால் எங்க?"

"அவ்ளோதாம்மா."

"மை தீந்துபோச்சா? நான் தரேன்."

"மை கீதும்மா. கால் வேணாம்."

"ஏன் வேணாம்?"

காரணம் சொல்ல வேண்டுமென்றால் செத்தவன் என்ற வார்த்தையைப் புருஷன் பக்கத்தில் வைத்துச் சொல்ல வேண்டும். ஒரு வருஷமாக அந்த வார்த்தை வாயில் வராமல் காத்தவள் அவள். "வேணாம்னா வேணாம்மா" என்று மட்டும் சொல்லிவிட்டு வந்துவிட்டாள். அன்றைக்கு வாய்விட்டுச் சொல்லியிருந்தால் இந்தக் கதைக்கே வேலை இல்லை.

படக்கொட்டாய் திறந்த நாளில் மாமியாரும் மருமகளும் பிள்ளைகளைக் கிருஷ்ணன் வீட்டில் விட்டுவிட்டு, துவைத்த சேலை கட்டிக்கொண்டு படகேறி வந்தார்கள். வானம் மூட்டம் போட்டிருந்தது. கிடங்குக்குள் சுண்ணாம்பு வாசனையும் பழைய பாய் வாசனையும் கலந்து அடித்தது. சுண்ணாம்புக் காளவாயில் வேலை செய்கிற ஒருத்தன் தன் காளவாயையே புகையோடு எழுதியிருந்தான். சாயத்துணி வெளுக்கிறவள் ஒருத்தி வாத்துக் கூட்டத்தை எழுதியிருந்தாள். கோயில் மணி அடிக்கிற சாலமன் வழக்கம்போல மூன்று கப்பல் எழுதியிருந்தான், மூன்றும் ஒரே கப்பல் மாதிரி இருந்தது. கடைசிக் கயிற்றில் ஆதிநாராயணன் தலையை ஒரு பக்கம் சாய்த்துச் சிரித்துக்கொண்டிருந்தான்.

கோவிந்தம்மா மகன் முகத்தைப் பார்த்ததும் கையைக் கூப்பினாள். காசியம்மாளின் கண் கீழே போனது. முழங்காலுக்குக் கீழே இரண்டு கெண்டைக்கால். அதற்கும் கீழே, பித்தளைப் பூட்டு வைத்த, பளபளவென்று கறுத்த ஒரு ஜோடித் தோல் சப்பாத்து.

"ரோசியம்மா! இது யாரு பண்ணது?"

ரோசி சிரித்துக்கொண்டே வந்தாள். "கால் எழுத வராம நீ கூச்சப்பட்டதா நெனைச்சேன். அரைகுறையா தொங்கவுட்டா கப்பித்தானுங்க சிரிப்பானுங்கடி. அதான் சாலமனை எழுதச் சொன்னேன்."

சாலமன் பக்கத்தில் வந்து நின்றான். எந்த ஒல்லாந்தனோ வீசியெறிந்த, முன்பக்கம் வாய் பிளந்த சப்பாத்தை அவனும் போட்டிருந்தான். "மனுசனுக்குக் குடுக்கறதுல ஒசந்தது அதுதானேக்கா? நல்லவரா தெரிஞ்சாரு. அதான் வெறுங்கால்ல வுட மனசு வரல."

பிள்ளையார் பிடிக்கக் குரங்காய் முடிந்த கதைதான். காசியம்மாள் வாசலைப் பார்த்தாள். "எறக்கு. உடனே எறக்கு சாலமா. எங்க ஊர்க்காரங்க வர்றதுக்குள்ள எறக்கிடு" என்று கெஞ்சினாள். ஒன்றும் புரியாமல் சாலமன் முக்காலி எடுக்கப் போனான்.

அப்போதுதான் படத்துக்கு எதிரே வெகுநேரமாக நின்றுகொண்டிருந்த கப்பல்காரன் திரும்பினான். பரங்கிப்பேட்டைக்காரன், பேர் ஜெகபர் அலி. துறைக்கு வெளியே நங்கூரம் போட்டிருந்த கப்பலில் பாய்மரம் ஏறுகிறவன்.

"தங்கச்சி, இத எழுதினது நீதானா?"

"ஆமாண்ணே."

"இந்த மனுசனுக்கு நெசமாவே காது இப்பிடியா? இல்ல, எழுதையில கை தவறிப்போச்சா?"

"நெசமாவே அப்டித்தான்."

"சிரிச்சா இப்பிடித்தான் தலையைச் சாய்ப்பானா?"

கோவிந்தம்மா அவனுடைய கையைப் பிடித்துக்கொண்டாள். "நீ எங்க பாத்தே? எங்க பாத்தே நைனா?"

"கடலுக்கு அந்தாண்ட, ஒல்லாந்தர் புடிச்சி வச்சிருக்கற பத்தாவியில பாத்தேன் உம்மா. துறையில மூட்டை தூக்கறான். கணுக்கால்ல இரும்பு வளையம். நம்ம பாஷையில என்னமோ பாடிக்கிட்டிருந்தான். பக்கத்துல போயி எந்த ஊருப்பான்னு கேட்டேன். பழவேற்காடுன்னான். படகு கவுந்து பீப்பாயப் புடிச்சி மெதந்தவன, எவனோ ஒரு தனிக் கப்பக்காரன் தூக்கிப் போட்டுக்கிட்டுப் போயி அங்க வித்துட்டானாம். இன்னும் பேசியிருப்பேன். காவக்காரன் பெரம்ப எடுத்துக்கிட்டு வந்துட்டான்."

காசியம்மாள் சிரித்தாள். வெட்கமில்லாமல், வாயைப் பொத்தாமல் சிரித்தாள். அவன் காலில் இரும்பு வளையம் என்று கேட்ட பிறகும் அவளால் அந்தச் சிரிப்பை அடக்க முடியவில்லை. எழுந்து நிற்கிறான், மூட்டை தூக்குகிறான், பாடுகிறான்.

"அவரை எப்டிண்ணே இட்டுகினு வர்றது?"

"வழி இல்லாம இல்ல. வெலைக்கி வந்த ஆளு இல்ல, அநியாயமா தூக்கிட்டுப் போன ஆளு, இன்ன ஊரு ஆளுன்னு உங்க நாட்டாரு எங்க கப்பித்தான் முன்னால வந்து சத்தியம் பண்ணிச் சொல்லணும். சொன்னா அங்க போயி அவரு பேசுவாரு. முன்ன ஒரு தடவை நாகூர்க்காரன் ஒருத்தன அப்பிடி மீட்டுக்கிட்டு வந்தோம். நாளைக்கு விடிஞ்சா நாங்க பாய் விரிக்கறோம். சொல்றதா இருந்தா இன்னைக்கே சொல்லணும்."

"அத்தே, நாட்டாரு மாமா துறையிலதான் கீறாரு, காலையில பாத்தேன். சாலமா, ஓடு. ஓடிப்போய் இட்டுகினு வா!"

சாலமன் முக்காலியைப் போட்டுவிட்டு ஓடினான். ரோசி சந்தோஷத்தில் காசியம்மாளைக் கட்டிக்கொண்டாள். கொஞ்ச நேரம் கழித்துத்தான் கோவிந்தம்மா மெதுவாகக் கேட்டாள்.

"மே காசி. நாட்டாரை வரச் சொல்லிட்டியே. கால் கீதேடி."

காசியம்மாள் முக்காலியை இழுத்துப் போட்டு ஏறினாள். கயிற்று முடிச்சில் கை வைக்கும்போதே வாசலில் நிழல் விழுந்தது. மாணிக்க நாட்டாரும் அவர் பின்னால் நாலைந்து ஊர்க்காரர்களும் நின்றார்கள். அதில் வேலுவும் ஒருத்தன். போன தையில் கல்யாணம் முடிந்து, எந்தப் பாடு காலியாகும் என்று காத்துக்கொண்டிருந்தவன்.

"ஆதி உசிரோட கீறானாமே! சாலமன் சொன்னான்" என்று சொல்லிக்கொண்டே நாட்டார் உள்ளே வந்தார். படத்தைப் பார்த்ததும் முகம் மலர்ந்தது. "அடடா, அப்டியே கீறான்யா."

"நாட்டாரே, கீழ பாருங்க" என்றான் வேலு.

பார்த்தார்கள். வந்தவர்கள் எல்லாரும் ஓரடி பின்னால் நகர்ந்தார்கள்.

"அதை நான் எழுதல மாமா" என்றாள் காசியம்மாள், முக்காலி மேலே நின்றபடியே. "இவங்களுக்கு நம்ம முறை தெரியாது. சாலமன் எழுதிட்டான்."

"மொகம் யாரு எழுதினது?"

"நான்தான்."

"வூட்டு மனுசி கை பட்டுடுச்சி. கால் யாரு எழுதினா இன்னாம்மா, உருவம் முழுசாயிடுச்சே."

"உசிரோட இருக்கறவனுக்காய்யா கருமாதி பண்ணுவீங்க? நான் கண்ணால பாத்தேன்" என்றான் ஜெகபர் அலி.

"நீ பொய் சொல்றேன்னு நான் சொல்லல தம்பி. நீ பாத்த அன்னிக்கி அவன் உசிரோட இருந்தான். இன்னிக்கி எப்டி கீறானோ, உனக்குத் தெரியுமா? எனக்குத் தெரியுமா? கால் எழுதின உருவம் தோ, எங்க கண்ணு முன்னால தொங்குது."

வேலு காசியம்மாளைப் பார்த்துச் சொன்னான்: "அண்ணி, உன் பாடு மேல ஆசையில்லேன்னு நான் பொய் சொல்ல மாட்டேன். ஆசை கீது. எம் பொண்டாட்டி மாசமா கீறா. கையில கஞ்சிக்கு வழியில்ல. ஆனா முகத்துவாரத்துல கழுத்தளவு தண்ணியில எறங்கறவனும் நான்தான். கால் எழுதின உருவத்தை அலைக்குக் குடுக்காம வச்சிகினா, அது தொணைக்கி ஒருத்தனை இட்டுகினுதான் போவும். எங்க நைனா காலத்துல போயிருக்குது. இவங்கல்லாம் இனிமே எப்டி எறங்குவாங்க, சொல்லு?"

ஆதிநாராயணன் இங்கே இருந்து, படம் இன்னொருத்தன் படமாக இருந்தால், அவனும் இதையேதான் சொல்லியிருப்பான். நாட்டார் முக்காலி அருகில் வந்து, அவளை இறங்கச் சொல்லி, குரலைத் தாழ்த்திப் பேசினார்.

"கேட்டுக்கம்மா. இது ஆதிதான்னு உன் வாயால நீ சொன்னா, நான் இந்த நிமிசமே கப்பித்தான்கிட்ட போறேன். எங்க ஊரு ஆளுன்னு கடலம்மா மேல சத்தியம் பண்றேன். அதுல மாத்தமில்ல. ஆனா சாயங்கால ஏத்தத்துல துணியை அலைக்குக் குடுத்துடணும். தாலியை எறக்கணும். பாடு வேலுவுக்குப் போவும்."

"அவரு வந்துட்டா?"

"வந்தா, அப்ப ஊரு கூடிப் பேசலாம்."

"எப்பண்ணே வருவாரு?"

ஜெகபர் அலி தலையைச் சொறிந்தான். "போக ஒரு காத்து, வர ஒரு காத்து. கப்பித்தான் பேசி, அவங்க விடணும். ரெண்டு வருசம் வையி. கூடவும் ஆகலாம்."

"இது அவரு இல்லேன்னு சொன்னா மாமா?"

"அப்ப இது வெறும் படம். பாடு உன்னுது. ஆனா இந்தத் தம்பி பாத்தது இந்த மொகத்தைத்தான். இங்க இது அவன் இல்லேன்னு ஒத்துகினு அங்க போய் ஆமான்னு சத்தியம் பண்ண என்னால ஆவாது. என் வாக்கை நம்பித்தான் அத்தனை பேரு தண்ணியில எறங்கறான்." பிறகு, எல்லார் காதிலும் விழுகிற மாதிரி, வேறெங்கோ பார்த்துக்கொண்டு சொன்னார்: "ஆமா, நம்ம சனத்துல சப்பாத்து போட்டவனை எவனாவது பாத்துகீறீங்களாடா?"

வந்தவர்கள் ஒருத்தரை ஒருத்தர் பார்த்துக்கொண்டார்கள். நாட்டார் எந்தப் பக்கம் கதவைத் திறந்துவிடுகிறார் என்று எல்லாருக்கும் புரிந்தது, வேலு உள்பட. அவன் தரையைப் பார்த்தான்.

காசியம்மாள் சுவரில் சாய்ந்துகொண்டாள். கைக்கு எட்டியது வாய்க்கு எட்டாமல் போகும் என்று கேள்விப்பட்டிருக்கிறாள், அது இவ்வளவு பக்கத்தில் வந்து போகும் என்று நினைத்ததில்லை. ஆமாம் என்று சொன்னால் ஒருவேளை அவன் வருவான். வருகிற வரைக்கும் இந்தப் பஞ்சத்தில் அந்த இரண்டு பிள்ளைகளும் என்ன தின்னும்? கிடங்குத் தெருவில் குந்திச் சோறு தின்ற அந்தப் பெண்ணின் முதுகு அவளுக்கு ஞாபகம் வந்தது. தகப்பன் திரும்பி வரும்போது பிள்ளைகள் அவன் இருந்த இடத்துக்குப் போயிருக்கும்.

அவள் வாயைத் திறப்பதற்குள் கோவிந்தம்மா படத்துக்கு முன்னால் வந்தாள். முகத்தைப் பார்க்கவில்லை. குனிந்து சப்பாத்தை மட்டும் பார்த்தாள்.

"எம் புள்ளை பொறந்ததுலேர்ந்து சப்பாத்து போட்டதில்ல. இது எம் புள்ளை இல்ல" என்றாள். குரல் சந்தையில் விலை சொல்கிற குரல் மாதிரி இருந்தது.

"பெத்தவ சொல்லிட்டா. எழுதினவ சொல்லணும்" என்றார் நாட்டார்.

"யாரோ கப்பலுக்கு வந்தவன் மாமா. பாத்தேன். எழுதினேன்."

ஜெகபர் அலிக்குப் பாதி புரிந்தது, பாதி புரியவில்லை. "அப்ப அந்தக் காது, தங்கச்சி?"

காசியம்மாள் அவன் முகத்தைப் பார்த்தாள். ஆதிநாராயணனைக் கடைசியாகப் பார்த்த கண்கள் அவை.

"கை தவறிப்போச்சுண்ணே" என்றாள்.

அவன் படத்தை இன்னொரு தரம் பார்த்தான். பிறகு, "அல்லா உங்களப் பாத்துக்கட்டும்" என்று சொல்லிவிட்டு வெளியே போனான். மறுநாள் அவன் கப்பல் பாய் விரித்துப் போய்விட்டது.

படம் மட்டும் படக்கொட்டாய் மூடுகிற வரைக்கும் கயிற்றிலேயே தொங்கியது. அந்த வருஷம் அதற்குத்தான் கூட்டம். அக்கரையிலிருந்து ஆணும் பெண்ணுமாக வந்தார்கள். ஆதிநாராயணனோடு வலை இழுத்தவர்களும், அவனைத் தோளில் தூக்கி வளர்த்தவர்களும் வந்து நின்று பார்த்தார்கள். யாரும் பேரைச் சொல்லவில்லை. "யாரோ, பாவம்" என்று மூக்கைச் சிந்திக்கொண்டு போனார்கள். பூரிப்புத் தாங்காமல் ரோசி காசியம்மாளைப் பார்த்தபோது, "ஒரு கப்பித்தான் படத்தைக் கேக்கறாருடி. சப்பாத்து ரொம்பத் தத்ரூபமா கீதாம்" என்றாள். காசியம்மாள் குடுத்துடுங்கம்மா என்று சொல்லிவிட்டாள். அதற்கப்புறம் ரோசி எத்தனை தரம் துணி கொடுத்தும் அவள் வாங்கவில்லை.

வீட்டில் கோவிந்தம்மா வேலை செய்தாள், பிள்ளைகளைக் குளிப்பாட்டினாள், ஏரிக்கு வந்தாள். பாடு வலையில் விழுந்த மீனை மட்டும் தொடமாட்டேன் என்றாள். "நீ துன்னு. புள்ளைங்களுக்குப் போடு. என்னைக் கேக்காதே" என்று கஞ்சியில் உப்பைப் போட்டுக் குடித்தாள். மருமகளை அவள் ஒரு சொல் குற்றம் சொல்லவில்லை. அதுதான் காசியம்மாளுக்குத் தாங்க முடியவில்லை.

அடைமழைக்கு முன்னால் பாடு பிரிக்கிற நாள் வந்தது. வாடைக் காற்று தொடங்கி, முகத்துவாரத்தில் தண்ணீர் கலங்கி ஓடியது. ஊர் முழுக்கக் கரையில் கூடி நின்றது. நாட்டார் ஒவ்வொரு பேராகக் கூப்பிட்டார். "கீறேன்" "கீறேன்" என்று குரல்கள் வந்தன. காசியம்மாள் பெண்கள் கூட்டத்தில், இரண்டு பிள்ளைகளையும் முன்னால் நிறுத்திக்கொண்டு நின்றாள்.

"ஆதிநாராயணன்."

அவள் வாயைத் திறந்தாள். குரல் வரவில்லை.

"ஆதிநாராயணன்."

ஆட்கள் திரும்பிப் பார்த்தார்கள். வேலு தலையைத் தூக்கினான். அவன் பெண்டாட்டி வயிற்றின் மேல் கையை வைத்துக்கொண்டு அவன் பின்னால் நின்றாள். போன வருஷம் காசியம்மாளுக்கு ஒன்றுமே தெரியாது. இருக்கிறானா இல்லையா என்று தெரியாமலே தொண்டை கிழியக் கத்தினாள். இந்த வருஷம் அவளுக்குத் தெரியும்.

மூன்றாம் தரம் கூப்பிடுவதற்கு முன்னால் நாட்டார் வேண்டுமென்றே இருமினார், ஓலையை ஒரு கையிலிருந்து மறு கைக்கு மாற்றினார். வேறு வழியில்லாமல் கூப்பிட்டார்.

"ஆதிநாராயணன்."

முதுகில் கோவிந்தம்மாவின் கை வந்து அழுத்தியது. உள்ளங்கையெல்லாம் இறால் முள் கிழித்த கை.

"சொல்லுடி. பொய்யா சொல்லப் போறே?" என்றாள் கோவிந்தம்மா.

"கீறாரு" என்றாள் காசியம்மாள்.

"கேக்கலம்மா."

"கீறாரு மாமா. கீறாரு."

வேலு வந்த வழியே திரும்பி நடந்தான். கிருஷ்ணன் போய் அவள் பேருக்கு ஓலை எடுத்தான். முகத்துவாரத்துக்கு நட்டநடுவில் வலை கட்டுகிற இடம் விழுந்தது. அந்த வருஷத்திலேயே நல்ல பாடு அதுதான். "ஆதிக்கு யோகம்டா!" என்று கூட்டத்தில் யாரோ சத்தம் போட்டார்கள். காசியம்மாள் பிள்ளைகளைக் கையில் பிடித்துக்கொண்டு, கிருஷ்ணனோடு வலையைத் தூக்கப் போனாள்.